நீயே வச்சுக்கோ

எங்கள் ஊரைத் தீவு என்று சொன்னால் கேட்கிறவர்களின் முகம் மலர்ந்துவிடும். தென்னந்தோப்பு, வெள்ளை மணல், நீலத் தண்ணீர் என்று ஏதேதோ நினைத்துக்கொள்வார்கள். அவர்களை ஒரு வாரம் அங்கே குடிவைத்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கிழக்கில் கடல், மேற்கில் கால்வாய், தெற்கில் கழிமுகம். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமா, படகு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா, படகு. பிரசவ வலி எடுத்தாலும் படகுதான். என் அம்மா என்னைப் பெற்றது கரைக்கு வந்து சேர்வதற்கு முன்னால், படகிலேயே. அந்த ஊரைவிட்டு நான் கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற வீட்டுக்குப் போகிறோம் என்று சந்தோஷமாகத்தான் வந்தேன்.

அந்தத் தீவிலிருந்து போய்க் கடற்படையில் கமடோர் பதவி வரைக்கும் ஏறியவன் என் அண்ணன். ஊரில் யார் வாயிலும் அந்தப் பதவியின் பெயர் நுழையவில்லை. "கப்பல் கலெக்டர்" என்றார்கள். மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர் இருப்பதுபோலக் கடலுக்கு ஒருவர், அது நம்ம வீட்டுப் பிள்ளை. அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. பின்னால் அந்தப் பெயரே அவன் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

முதலில் பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். எங்களுக்கு அது முறை. கழிமுகத்தில் நீர் வடியும்போது இறால் கடலுக்குப் போகிற வழி குறுகலானது. வலை கட்ட வாகான இடம் கொஞ்சம், ஆம்பிளைகள் அதிகம். அடித்துக்கொண்டு சாகக்கூடாது என்று ஊர் கூடி முறை வைத்தார்கள். இன்றைக்கு இவன் பாடு, நாளைக்கு அவன் பாடு. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பாடு உண்டு. அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவனுடையது. எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் வேறொருவன் அங்கே வலை இறக்க முடியாது.

நோய்நொடி, வெளியூர்ப் பயணம் என்றால் தன் பாட்டை இன்னொருவனிடம் ஒப்படைக்கலாம். ஊர்முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "பாத்துக்கோ" என்றால் இரவல். திரும்பி வந்ததும் பாடு உன்னுடையது. "வச்சுக்கோ" என்றால் தானம். போனது போனதுதான். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. பொடியன்கள் கூட்டத்தின் ஓரத்தில் குந்திக்கொண்டு காதுவழியாகவே தெரிந்துகொள்வார்கள். அண்ணன் அந்த வயதில் ராயபுரத்தில் ஒரு விடுதியில் இருந்தான். படிக்கிற பிள்ளை என்று எங்கள் நைனா, அதாவது அப்பா, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அவன் அங்கே ஆங்கில இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

விடுதியிலிருந்து பரீட்சை எழுதிக் கடற்படைக்குப் போனான். அதிகாரியாகி, கல்யாணமும் முடிந்து, விடுப்பில் ஊருக்கு வந்திருந்த சமயத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. புதுமாப்பிள்ளைக்கு முதல் பாடு கூப்பிட்டார்கள், அதாவது முறை நாளை அறிவித்தார்கள். பெண்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை. காதுக்கு என்ன தடை? கோயில் சுவருக்குப் பின்னால் நாங்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். அண்ணனின் பாடு வருகிற நாளில் அவன் கப்பலில் இருந்தாகவேண்டும். எங்கள் சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைவிடச் சின்னவன், ஆனால் எனக்கு முன்னாலேயே கல்யாணமாகிவிட்டது. அண்ணன் அவன் தோளில் தட்டி, "நான் இருக்க மாட்டேன்டா. வர்றதெல்லாம் நீயே வச்சுக்கோ" என்றான்.

அன்றைக்கு வருகிற இறாலை வைத்துக்கொள் என்றுதான் சொன்னான். தாராள மனசு. ஆனால் ஊர் காதில் விழுந்தது தானம். நாட்டார் மட்டும், "இன்னாப்பா, மெய்யாலுமா சொல்ற?" என்று கேட்டார். ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். அண்ணன் சிரித்தான். "மெய்யாலும்தான். நீயே வச்சுக்கோ." சுவருக்குப் பின்னால் என் அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். எங்கள் நைனா எழுந்து ஏதோ சொல்லப் போனார். நாட்டார் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார். ஊர்முன்னால் சொன்ன வார்த்தையை அப்பன்கூட விழுங்கமுடியாது.

அடுத்த விடுப்பில் வந்தபோதுதான் நைனா அவனிடம் விஷயத்தைச் சொன்னார். "உன் பாடு பூட்ச்சு கண்ணு." அவன் அதற்கும் சிரித்தான். "போனா போகுது நைனா. எங்கிட்டதான் கப்பலே கீதே" என்றான். வெகுநாள் கழித்து வாயில் ஊர்ப் பேச்சு வந்த சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பல் உனக்கு யார் எழுதிவைத்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

அதற்குப்பின் அவன் வாழ்க்கையை நான் காதால்தான் பார்த்தேன். விம்கோ நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. எந்தத் துறைமுகத்தில் கப்பல் நின்றாலும் என் போர்டுக்குக் கூப்பிடுவான். விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேர். அவன் தமிழ் வரவரப் பாடப்புத்தகம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. "நலமா? அம்மா உணவு உட்கொண்டார்களா?" என்பான். "உட்கொண்டார்கள், உட்கொண்டார்கள். நீ ஒயுங்கா பேசு, இல்ல லைன கட் பண்ணிடுவேன்" என்பேன். அப்புறம்தான் வழிக்கு வருவான்.

ஒருமுறை அதிகாரிகளின் விருந்தில் யாரோ அவனிடம் உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "போட் வைத்திருக்கிறார்" என்றானாம். அன்றிலிருந்து அவன் கப்பல் முதலாளி வீட்டுப் பிள்ளை என்று பேச்சு. நைனாவிடம் இருந்தது ஒற்றைக் கட்டுமரம். அதிலும் பாதி சித்தப்பாவுடையது. இதைச் சொல்லிவிட்டு அவன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். திருத்தினாயா என்று கேட்டேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான்.

இன்னொருமுறை அவன் கப்பல் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றிருந்தது. அப்போது அவன்தான் கப்பல் தலைவன். கரைக்கு வர அனுமதி இல்லை. பைனாகுலரில் எங்கள் தீவைப் பார்த்திருக்கிறான். "நம்ம சித்தி கருவாடு காயவெச்சிகினு கீது. காக்கா ஒண்ணு எத்தினு போவுது. வெரட்டக்கூட மாட்டேங்குது" என்றான் போனில். அவன் மேஜையில் விரித்திருந்த கடல் வரைபடத்தில் எங்கள் ஊரின் பெயரே இல்லையாம். சுற்றிலும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மட்டும்தான் போட்டிருந்ததாம்.

பதவி ஏற ஏற மார்பில் பதக்கங்கள் கூடின. தொப்பியில் தங்க இழை வந்தது. நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு எங்கள் தீவுக்குத் துறைமுகம் வந்தது.

ஊரைக் காலிசெய்து மறுகரையில் காங்கிரீட் வீடுகள் தருகிறோம் என்றார்கள். ஊர் கொதித்தது. ஆளாளுக்கு என் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். "யக்கா, உங்கண்ணன் கப்பல் கலெக்டராச்சே. ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. கடலே அவுங்க கைலதான கீது." எங்கள் ஆட்களுக்குக் கடலில் காக்கிச்சட்டையோ வெள்ளைச்சட்டையோ போட்டவர்கள் எல்லாருமே ஒரே சர்க்கார். போர்க்கப்பல், ரோந்துப் படகு, சரக்குக் கப்பல், துறைமுகம், எல்லாம் ஒரு வீட்டு அண்ணன் தம்பிகள். நான் அண்ணனிடம் சொன்னேன். அவன் இரண்டு மூன்று பேரிடம் பேசியும் பார்த்தான். "அது வேற இலாகாம்மா. என் பேச்சு அங்க எடுபடாது" என்றான். அது உண்மைதான். ஆனால் வேற இலாகா என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வது? சொல்லிப்பார்த்தேன். "டபாய்க்கிறான்" என்று முடித்துவிட்டார்கள்.

வீடுகளைப் பிரித்துப் படகில் ஏற்றிய நாளில் நானும் போயிருந்தேன். சித்தப்பா மகன் கூரைக் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"பாட்டையே வச்சுக்கோன்னு குட்த்தவன்தான? இப்ப ஊரையும் வச்சுக்கோன்னு சொல்ட்டான்."

எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும்போல் இருந்தது. அந்த வார்த்தை எப்படியோ அண்ணன் காதுக்கும் போய்விட்டது. அதற்குப்பின் ரொம்ப நாள் அவனிடமிருந்து போன் வரவில்லை.

ஓய்வு பெற்றபின் அவன் திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வந்தான். அண்ணி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. வேறெங்காவது நல்ல காற்று வீசுகிற இடமாகப் பார்த்துப் போயிருக்கலாம். அவனுக்கு வந்ததே நுரையீரல் நோய். எங்கள் பக்கத்துக் காற்றில் ஒரு நாள் அமோனியா, ஒரு நாள் சாம்பல், மறுநாள் இரண்டும். டாக்டரே திட்டினார். அவன் கேட்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருப்பான். பச்சைக் கிரேன்கள் தெரியும். அதுதான் எங்கள் ஊர்.

ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னான். "ஓட்டின கப்பலெல்லாம் சர்க்காரோடது. எறங்குனதும் வேற ஒருத்தன் ஏறிட்டான். என்னோடதுன்னு இருந்தது அந்தப் பாடு ஒண்ணுதான். அத நான் ஒருவாட்டிகூட எறங்கிப் பாக்கல. சாவறதுக்குள்ள ஒருநாள் என் பாட்டுல என் வலைய கட்டணும்."

சிறுபிள்ளை மாதிரிப் பேசுகிறானே என்று நினைத்தேன். ஆனால் அவன் விளையாடவில்லை. வெள்ளைச் சட்டையைக் கஞ்சிபோட்டு மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மாடிப்படியில் இரண்டு தரம் உட்கார்ந்து இறங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு புது ஊரின் கூட்டத்துக்குப் போனான். புது ஊர் என்றால் வரிசையாய் நம்பர் போட்ட காங்கிரீட் வீடுகள். அம்மன் மட்டும் பழைய அம்மன். நான் வழக்கம்போல் சுவருக்குப் பின்னால் நின்றேன்.

அவனைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "சார், உக்காருங்க சார்" என்று ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் ஊர்க்காரன் தரையில்தான் உட்காருவான். நாற்காலி விருந்தாளிக்கு. அண்ணன் உட்காரவில்லை. அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றபடியே கேட்டான்.

"அன்னிக்கு தெரியாம சொல்ட்டேன். என் பாட்ட திருப்பிக் குடுங்க. ஒருநாள் போதும்."

இப்போதைய நாட்டார், பழையவரின் மகன், தரையைப் பார்த்தான். கொடுக்கவேண்டியவன் வாங்கிக்கொண்டவன்தான். எல்லார் கண்ணும் சித்தப்பா மகன்மேல் திரும்பியது. அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். கொஞ்சநேரம் நின்றுவிட்டு அண்ணனும் வந்துவிட்டான். போட்ட நாற்காலி அங்கே காலியாகவே கிடந்தது.

அதற்கப்புறம் அவன் உடம்பு சரசரவென்று கீழே போயிற்று. வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்தோம். வாசல்மணி அடித்தால் தலையைத் தூக்குவான். "அவனா?" என்பான். கேஸ்காரனாக இருக்கும், கூரியராக இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுஷன் சாகக்கிடக்கிறான், கேட்பதோ ஒருநாள் தண்ணீர். இதற்கும் மேல் வன்மம் உண்டா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று, அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என அண்ணனிடம் சொல்லிக் கிளம்பினேன்.

சித்தப்பா மகனுக்கு இப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை. நீலச்சட்டை, இடுப்பில் பெல்ட், கழுத்தில் விசில். டிரைலர் லாரி வந்தால் வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்கவேண்டும், போனதும் இறக்கவேண்டும். கடைசியில் அண்ணன் தம்பி இரண்டு பேருமே யூனிபார்ம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிலேயே பிடித்தேன்.

"ஏன்டா, உனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? அவன் மூச்சு இயுத்துகினு கெடக்குறான். ஒரேநாளு பாட்ட குட்த்தா உன் சொத்து கொறஞ்சுடுமா?"

அவன் கட்டையைப் பிடித்தபடி நின்றான். ஒரு லாரியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினான்.

"எத்த குடுக்கறது, யக்கா?" என்றான். "பாடு எங்க கீது?"

எனக்குப் புரியவில்லை.

"பாடு கூப்ட்டு வருசக்கணக்காச்சு. வாய்க்காலெல்லாம் மேடுதட்டிப் பூட்ச்சு. கரண்டு கம்பெனி சாம்பச் சேறு. எறங்குனா முட்டி வரைக்கும்கூட தண்ணி இல்ல. எறாலு அந்தப் பக்கமே வர்றது இல்ல. அதான் நான் இங்க வந்து விசில் ஊதிகினு கீறேன்."

கழிமுகம் கெட்டுப்போனது எனக்கும் தெரியும். பாலத்தில் பஸ்ஸில் போகும்போது பார்ப்பதுதான். ஆனால் பாடே நின்றுபோனது தெரியாது. ஆண்கள் யாரும் அதை வெளியில் சொல்லவில்லை. "அத்த அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுதான?" என்றேன்.

"அவ்ளோ பெரிய ஆபீசரு. கஞ்சி போட்ட சட்டையோட வந்து ஊருகிட்ட கையேந்தி நிக்கறான். இல்லன்னு எந்த வாயால சொல்றது? ஒருத்தனாலயும் முடில. நான் எய்ந்து வந்துட்டேன்." விசிலைக் கையில் வைத்து உருட்டினான். "ஊர வுட்டு வந்த அன்னிக்கு அவன என்னென்னமோ பேசிட்டேன். வவுத்தெரிச்சல். ஆனா அவன் குட்த்தது தங்கமான பாடு. நீயே வச்சுக்கோன்னு குட்த்தான். என்னாலதான்க்கா வச்சுக்க முடில."

நறுக்கென்று கேட்கவந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. அவன் கட்டையைத் தூக்கப் போனான். நான் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

அண்ணன் விழித்துக்கொண்டிருந்தான். முகத்தில் மாஸ்க். "பாத்தியா? இன்னா சொன்னான்?" என்றான்.

"உன் பாடு உனுக்குதானாம். இத்தினி நாளா பாத்துகினுதான் கீறானாம். ஆடிக்காத்து அடங்கட்டும், நானே வந்து இட்டுகினு போறேன்னு சொன்னான்."

வாய்கூசாமல் சொன்னேன். பொய்தான். இருக்கட்டும்.

அவன் கண்ணில் நீர் கோத்தது. மாஸ்க்கை விலக்கி, "இப்ப அங்க எவ்ளோ ஆழம்?" என்று கேட்டான்.

"ஆள் மட்டம்" என்றேன்.

"போதும்" என்றான். நம்பினானா இல்லையா எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரின் ஆழத்தையே படித்தவன். தங்கச்சியின் குரலில் இருந்தது அவனுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? ஆனால் அதற்கப்புறம் வாசல்மணிக்கு அவன் தலையைத் தூக்கவில்லை. ஆடி முடியவில்லை, போய்விட்டான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போனேன். தடுக்கவந்த பெரியவரிடம், "ஆயுசு முய்க்க செவுத்துக்குப் பின்னாடி நின்னாச்சு, வயிய வுடு" என்றேன். கடற்படையிலிருந்து மலர்வளையத்தோடு சிலர் வந்திருந்தார்கள். பியூகிள் ஊதினார்கள். ஊர் ஆட்கள் ஒரு ஓரமாகக் கூட்டமாக நின்றார்கள். கொள்ளி வைக்கப் பங்காளி என்று சித்தப்பா மகன் ஒருவன்தான் பாக்கி. ஈர வேட்டியோடு, தோளில் பானையோடு நின்றான்.

விறகு அடுக்குவதற்குமுன் ஒரு இளம் அதிகாரி அண்ணனின் மார்மேல் வைத்திருந்த தொப்பியையும் பதக்கங்களையும் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளை இல்லை, பேச்சில் தெரிந்தது.

"இத நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்றார்.

சித்தப்பா மகனின் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஊர் ஆட்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பியின் உட்புறத்தில் அண்ணனின் தலை எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது.

"வச்சுக்கலப்பா" என்றேன். "அவன் வர்ற வரிக்கும் பாத்துக்குறேன்."

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். சித்தப்பா மகன் பானையைக் கீழே வைத்துவிட்டு, சுடுகாட்டு மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினான்.